180 நிமிடங்களும் நடுவில் சில நாள்களும்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: 2025 ஆப்பிரிக்க சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியில், தென்னாப்பிரிக்காவின் மமெலோடி சன்டவுன்ஸ் அணியுடன் பிரிட்டோரியாவில் 1-1 என டிரா செய்த எகிப்தின் பிரமிட்ஸ் அணி, ஒரு வாரம் கழித்துக் கெய்ரோவில் 2-1 என வென்று கோப்பையைப் பெற்றது. இரண்டாம் ஆட்டத்தில் வெல்பவரே சாம்பியன் என்றால், முதல் ஆட்டம் எதற்கு?

பதில்: இரண்டாம் ஆட்டத்தில் வெல்பவர் சாம்பியன் என்று விதி எதுவும் இல்லை. இரண்டு ஆட்டங்களிலும் அடித்த கோல்களைக் கூட்டித்தான் முடிவு சொல்வார்கள். பிரமிட்ஸ் வென்றது 3-2 என்ற மொத்தக் கணக்கில். ஐரோப்பிய கிளப்புகள் மோதும் யூஇஎஃப்ஏ கோப்பையின் 1973 இறுதியில் லிவர்பூல் இரண்டாம் ஆட்டத்தில் 0-2 எனத் தோற்றுவிட்டு, அதே மைதானத்தில் கோப்பையை உயர்த்தியது; முதல் ஆட்டத்தை அது 3-0 என வென்றிருந்ததே காரணம். ஆகவே, இதை 90 நிமிட ஆட்டங்கள் இரண்டு என்று எண்ணாமல், நடுவே சில நாள்கள் இடைவேளை விட்ட ஒரே 180 நிமிட ஆட்டம் என்று எண்ணிக்கொள்வது நல்லது. வர்ணனையாளர்கள் 'முதல் லெக்', 'இரண்டாவது லெக்' என்று சொல்வது இந்த இரண்டு பாதிகளைத்தான்.

ஆனால் மொத்தக் கோல் கணக்கு ஆரம்பத்திலிருந்தே இருந்த ஏற்பாடு அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். ஐரோப்பாவின் சாம்பியனும் தென் அமெரிக்காவின் சாம்பியனும் மோதிய இன்டர்கான்டினென்டல் கோப்பையில் 1961-இல் நடந்ததைப் பாருங்கள். லிஸ்பனில் பென்ஃபிகா 1-0 என வென்றது. மோன்டேவிடியோவில் பெனியரோல் 5-0 என வென்றது. இன்றைய கணக்கில் 5-1, பேச்சுக்கே இடமில்லை. அன்றைய விதியோ ஆட்டத்துக்கு ஆட்டம் புள்ளி கொடுத்தது. ஆளுக்கொரு வெற்றி என்பதால் இரு அணிகளும் சமம் என்று முடிவாகி, மூன்றாவதாக ஓர் ஆட்டம் வைத்தார்கள். அதையும் பெனியரோல்தான் 2-1 என வென்றது என்றாலும், ஐந்து கோல் அடித்த அணியை மறுபடியும் களத்தில் இறக்கியது எனக்கு இன்றும் வேடிக்கையாகவே படுகிறது.

அதே பெனியரோலுக்கு அதே விதி 1987-இல் கைகொடுத்தது. தென் அமெரிக்க கிளப்புகள் மோதும் கோபா லிபர்டடோரஸ் இறுதியில் கொலம்பியாவின் அமெரிக்கா டி காலி அணியிடம் முதலில் 0-2 எனத் தோற்று, பிறகு சொந்த ஊரில் 2-1 என வென்றது. கோல் கணக்கில் காலி அணியே முன்னிலையில் இருந்தாலும் புள்ளிகள் சமமாக இருந்ததால், சிலி நாட்டுச் சான்டியாகோவில் மூன்றாம் ஆட்டம் நடந்தது. கூடுதல் நேரமும் டிராவில் முடிந்தால் கோல் வித்தியாசத்தில் காலி அணிக்கே கோப்பை என்ற நிலையில், ஆட்டத்தின் கடைசி மூச்சில், 120-ஆவது நிமிடத்தில், தியேகோ அகிர்ரே கோல் அடித்தார். அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளிலும் இறுதியில் தோற்றிருந்த காலி அணிக்கு, கைக்கு எட்டியது மூன்றாம் முறையாகவும் வாய்க்கு எட்டவில்லை.

இறுதியை ஏன் இரண்டாகப் பிரித்தார்கள் என்பதற்கு விடை எளிது. தொலைக்காட்சிப் பணம் இல்லாத காலத்தில் கிளப்பின் வருமானம் நுழைவுச் சீட்டிலிருந்துதான் வந்தது. இரண்டு கிளப்புகளும் ஆளுக்கொரு முறை தங்கள் அரங்கை நிரப்பிக்கொள்ள இந்த முறை வழி செய்தது. நாடு விட்டு நாடு போய் ஆட்டம் பார்க்கும் ரசிகர்களும் அன்று குறைவு.

கேள்வி: மொத்தக் கணக்கு சமமானால் எதிரணியின் மைதானத்தில் அடித்த கோலுக்கு அதிக மதிப்பு என்ற 'அவே கோல்' விதி இறுதிப் போட்டிக்கும் பொருந்துமா?

பதில்: போட்டிக்குப் போட்டி, காலத்துக்குக் காலம் மாறும். யூஇஎஃப்ஏ கோப்பையில் இறுதிக்கும் அது பொருந்தியது. 1977-இல் ஜுவென்டஸ், அத்லெடிக் பில்பாவோ அணியை 1-0 என வென்று, 1-2 எனத் தோற்று, வெளியூரில் அடித்த அந்த ஒரு கோலால் கோப்பையைப் பெற்றது. 1980-இல் மான்சென்கிளாட்பாக்கில் 2-3 எனத் தோற்ற ஐன்ட்ராக்ட் ஃபிராங்ஃபர்ட், சொந்த ஊரில் 1-0 என வென்றபோது, தோற்ற ஆட்டத்தில் அடித்த இரண்டு கோல்களே அதைச் சாம்பியன் ஆக்கின.

1992-இல் நடந்தது இன்னும் விசித்திரம். டுரினில் டொரினோவுடன் 2-2, ஆம்ஸ்டர்டாமில் 0-0 என இரண்டையும் டிரா செய்த அயாக்ஸ், ஓர் ஆட்டத்தைக்கூட வெல்லாமல் கோப்பையை வென்றது. அந்த இரண்டாம் ஆட்டத்தில் டொரினோ அடித்த பந்துகள் மூன்று முறை கோல் கம்பத்தில் பட்டுத் திரும்பின. தங்களுக்குப் பெனால்டி மறுக்கப்பட்டதாகக் கொதித்த டொரினோ பயிற்சியாளர் எமிலியானோ மொன்டோனிகோ, ஓரத்தில் கிடந்த நாற்காலியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார். அந்த நாற்காலியை மறக்காத டொரினோ ரசிகர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆசியாவிலும் இதற்கு ஈடு உண்டு: 2013 ஆசிய சாம்பியன்ஸ் லீக் இறுதியில் சீனாவின் குவாங்சோ, எஃப்சி சியோல் அணியுடன் 2-2, 1-1 என இரண்டையும் டிரா செய்தே சாம்பியன் ஆனது.

இரண்டு ஆட்டங்களாக நடந்த காலத்தில் கோபா லிபர்டடோரஸ் இறுதியில் இந்த விதி இருந்ததில்லை. இந்த வேறுபாட்டின் கனத்தை 2008-ஆம் ஆண்டு அளவுக்கு வேறெதுவும் காட்டியதில்லை. ஈக்வடாரின் எல்டியு கீட்டோ அணி, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,800 மீட்டர் உயரத்தில் இருக்கும் தன் நகரில் பிரேசிலின் ஃபுளுமினென்ஸேயை 4-2 என வென்றது. ரியோவின் மரக்கானா அரங்கில் ஃபுளுமினென்ஸே 3-1 எனத் திருப்பிக் கொடுத்தது. மூன்று கோல்களையும் தியாகோ நெவெஸ் ஒருவரே அடித்தார். மொத்தம் 5-5. வெளியூர் கோல்களை எண்ணியிருந்தால் ஃபுளுமினென்ஸேக்கு இரண்டு, கீட்டோவுக்கு ஒன்று. 90-ஆவது நிமிடத்திலேயே மரக்கானாவில் கொண்டாட்டம் தொடங்கியிருக்கும். இறுதிச் சுற்றுக்கு மட்டும் விதி பொருந்தாததால் ஆட்டம் கூடுதல் நேரத்துக்கும், பிறகு பெனால்டி ஷூட்-அவுட்டுக்கும் போயிற்று. அங்கே கீட்டோவின் கோல்கீப்பர் ஹோசே செவாயோஸ் மூன்று உதைகளைத் தடுத்தார். 3-1 என வென்ற கீட்டோ, அந்தக் கோப்பையை வென்ற முதல் ஈக்வடார் அணி ஆயிற்று.

1965-இல் இந்த விதியைக் கொண்டுவந்த ஐரோப்பியக் கூட்டமைப்பே 2021-22 பருவத்திலிருந்து அதை நீக்கிவிட்டது. முதல் ஆட்டத்தை நடத்தும் அணி, ஒரு கோல் வாங்கினால் இரட்டிப்பு நஷ்டம் என்று அஞ்சித் தாக்கி ஆடத் தயங்குகிறது என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. வருகிற அணியைத் தாக்க வைக்கப் பிறந்த விதி, வரவேற்கிற அணியைக் கட்டிப்போட்டது என்று சுருக்கமாகச் சொல்லலாம்.

கேள்வி: முதல் ஆட்டத்தில் 3-0 என வென்றுவிட்டால் கோப்பை உறுதிதானே?

பதில்: இந்தக் கேள்வியை 1988-இல் எஸ்பான்யோல் ரசிகர் ஒருவரிடம் கேட்டிருந்தால், மே 4-ஆம் தேதி இரவில் "ஆம்" என்றிருப்பார். அன்று பார்சிலோனாவில், யூஇஎஃப்ஏ கோப்பை இறுதியின் முதல் ஆட்டத்தில், ஜெர்மனியின் பேயர் லெவர்குசனை அவருடைய அணி 3-0 என வீழ்த்தியிருந்தது. செபாஸ்டியான் லொசாடா இரண்டு கோல் அடித்திருந்தார். மே 18 அன்று லெவர்குசனில் இடைவேளை வரை ஒரு கோலும் விழவில்லை. அதாவது, 180 நிமிடங்களில் 135 கழிந்துவிட்டன; எஸ்பான்யோலின் மூன்று கோல் முன்னிலை அப்படியே இருந்தது. 57-ஆவது நிமிடத்தில் பிரேசில் வீரர் டிட்டா, 63-இல் ஃபால்கோ கோட்ஸ், 81-இல் தென் கொரியாவின் சா பூம்-குன் என மூன்று கோல்கள் 24 நிமிடங்களுக்குள் விழுந்து கணக்கு 3-3 ஆயிற்று. கூடுதல் நேரத்தில் மாற்றமில்லை. ஷூட்-அவுட்டில் எஸ்பான்யோல் முந்திச் சென்றும், பிறகு தடுமாறி, கடைசி உதை லொசாடாவிடம் வந்தது. இரண்டு வாரங்களுக்கு முன் இரண்டு கோல் அடித்த அதே கால் பந்தைக் கம்பத்துக்கு மேலே அனுப்பியது. லெவர்குசன் 3-2.

மூன்று கோல் முன்னிலையில் இருக்கும் ஆபத்து அது பெரிதாக இருப்பதல்ல; அதை வைத்துக்கொண்டு எப்படி ஆடுவது என்று யாருக்கும் தெரியாமல் இருப்பதுதான். தாக்கி ஆடினால் வீண் துணிச்சல், தற்காத்து ஆடினால் பந்தையே எதிரியிடம் கொடுத்த கதை. இரண்டுக்கும் நடுவே நிற்கும் அணிதான் பெரும்பாலும் அடி வாங்குகிறது. ஆசியாவில் 2004-இல் தென் கொரியாவின் சியோங்னாம் ஜெட்டாவுக்கே போய் அல் இத்திஹாத் அணியை 3-1 என வென்றுவிட்டு, சொந்த ஊரில் 0-5 எனத் தோற்றது. மொத்தம் 6-3 என்று கோப்பை சவூதி அரேபியாவுக்குப் போயிற்று.

முன்னிலையைக் காத்துக்கொண்ட கதையும் ஒன்று சொல்ல வேண்டும், அதில் மழைக்கும் பங்கு உண்டு. மேலே குறிப்பிட்ட 1973 இறுதியின் முதல் ஆட்டம் மே 9 அன்று லிவர்பூலின் ஆன்ஃபீல்டில் தொடங்கி, கொட்டிய மழையால் 27-ஆவது நிமிடத்தில் கோல் இல்லாமலே கைவிடப்பட்டது. அந்த 27 நிமிடங்களில் பயிற்சியாளர் பில் ஷாங்க்லி ஒன்றைக் கவனித்துவிட்டார்: எதிரணியான ஜெர்மனியின் மான்சென்கிளாட்பாக்கின் தற்காப்பு உயரப் பந்துகளில் தடுமாறுகிறது. மறுநாள் ஆட்டத்தை முதலிலிருந்து தொடங்கியபோது, பிரையன் ஹாலை வெளியே வைத்துவிட்டு உயரமான ஜான் டோஷாக்கை இறக்கினார். டோஷாக் தலையால் இறக்கிக் கொடுத்த பந்துகளிலிருந்து கெவின் கீகன் முதல் பாதியிலேயே இரண்டு கோல் அடித்தார்; மூன்றாவதைக் கார்னரிலிருந்து லாரி லாய்ட் தலையால் முட்டினார். இறுதிப் போட்டியில் எதிரியை 27 நிமிடம் இலவசமாகப் படித்துக்கொள்ளும் வாய்ப்பு வேறு எந்தப் பயிற்சியாளருக்குக் கிடைத்தது!

ஆனால் அந்த ஆட்டத்தில் கோப்பையை வென்று தந்தது கோல்கள் மட்டுமல்ல. ஜெர்மன் அணிக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. யூப் ஹெய்ன்கஸ் உதைத்த பந்தை ரே கிளெமென்ஸ் தடுத்துவிட்டார். இரண்டு வாரம் கழித்து ஜெர்மனியில் அதே ஹெய்ன்கஸ் முதல் பாதியிலேயே இரண்டு கோல் அடித்தார். பெனால்டியும் உள்ளே போயிருந்தால் கணக்கு 3-3, அவே கோல் விதிப்படி கோப்பை மான்சென்கிளாட்பாக்குக்கு. 3-0 என முன்னிலையில் இருக்கும் அணியின் கோல்கீப்பர் ஒரு பந்தைத் தடுத்தால் அரங்கம் மரியாதைக்குக் கைதட்டும். இரு ஆட்ட இறுதியில் அந்தத் தடுப்பின் விலை இரண்டு வாரம் கழித்துத்தான் தெரியவரும்.

கேள்வி: இரண்டாம் ஆட்டத்தைச் சொந்த ஊரில் ஆடுவது சாதகமா?

பதில்: பெரும்பாலான பயிற்சியாளர்கள் அதையே விரும்புவார்கள். என்ன தேவை என்று தெரிந்துகொண்டு ஆடலாம். கூடுதல் நேரம் வந்தால் அந்த 30 நிமிடமும், ஷூட்-அவுட்டும் தங்கள் ரசிகர்கள் முன்னிலையில். ஃபுளுமினென்ஸேக்கும் சியோங்னாமுக்கும் இத்தனையும் கிடைத்தும் பலன் இல்லை. 2014-இல் ஆஸ்திரேலியாவின் வெஸ்டர்ன் சிட்னி வாண்டரர்ஸ் சொந்த ஊரில் ஒரே ஒரு கோல் அடித்துவிட்டு, ரியாத்தில் அல் ஹிலாலை 0-0 எனத் தடுத்து நிறுத்தி ஆசிய சாம்பியன்ஸ் லீக் கோப்பையைத் தூக்கிச் சென்றது. என் அபிப்பிராயத்தில் சாதகம் உண்டு, ஆனால் மூன்று கோல் வாங்கிக்கொண்டு வருபவருக்கு அது சாதகம் அல்ல, சங்கடம்.

கேள்வி: முதல் ஆட்டத்தில் கார்டு வாங்கினால் இரண்டாம் ஆட்டத்தைப் பாதிக்குமா?

பதில்: நன்றாகவே பாதிக்கும். சிவப்பு அட்டை வாங்கியவர் இரண்டாம் ஆட்டத்தில் இல்லை. ஏற்கெனவே மஞ்சள் அட்டைகளைச் சேர்த்து வைத்திருப்பவர் முதல் ஆட்டத்தில் இன்னொன்று வாங்கினாலும் பல போட்டிகளில் அதே கதிதான்.

1984 யூஇஎஃப்ஏ கோப்பை இறுதியில் டாட்டன்ஹாம் அணித் தலைவர் ஸ்டீவ் பெரிமன் பிரஸ்ஸல்ஸில் ஆண்டர்லெக்டுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் மஞ்சள் அட்டை வாங்கி, லண்டனில் நடந்த இரண்டாம் ஆட்டத்தைத் தவறவிட்டார். அன்று அணித் தலைவராக இறங்கிய கிரஹாம் ராபர்ட்ஸ், தோல்வி நெருங்கிக்கொண்டிருந்த 84-ஆவது நிமிடத்தில் கோல் அடித்து 1-1 ஆக்கினார், பிரஸ்ஸல்ஸிலும் 1-1தான். ஷூட்-அவுட்டில் டாட்டன்ஹாமின் கடைசி உதையை டேனி தாமஸ் எடுத்தார், உள்ளே போனால் கோப்பை, தடுக்கப்பட்டது. அடுத்து ஆண்டர்லெக்டின் ஆர்னோர் குட்ஜான்சன் உதைத்ததை, ரே கிளெமென்ஸின் இடத்தில் நின்ற 21 வயது டோனி பார்க்ஸ் தடுத்துவிட்டார். 4-3. லிவர்பூலின் பழைய கிளெமென்ஸ் அப்போது டாட்டன்ஹாமின் ஆள். 1973-இல் அவர் செய்த வேலையை 1984-இல் அவருடைய மாற்று ஆள் செய்தார்.

கேள்வி: 2018-இல் போகா ஜூனியர்ஸ் அணியின் பேருந்து தாக்கப்பட்டதால்தான் கோபா லிபர்டடோரஸ் இறுதியை ஒரே ஆட்டமாக மாற்றினார்கள் என்று படித்தேன். சரிதானா?

பதில்: பலரும் அப்படி நம்புகிறார்கள், தேதிகள் ஒத்துவரவில்லை. 2019 முதல் பொதுவான ஓர் ஊரில் ஒரே ஆட்டம் என்ற அறிவிப்பு 2018-இன் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. அந்த ஆண்டின் இறுதியே கடைசி இரு ஆட்ட இறுதி என்பது முன்பே தெரியும். அதில் புவெனஸ் அயர்ஸின் பரம வைரிகளான போகாவும் ரிவர் பிளேட்டும் மோத நேர்ந்தது தற்செயல். முதல் ஆட்டம் மழையால் ஒரு நாள் தள்ளிப்போய், நவம்பர் 11 அன்று போகாவின் மைதானத்தில் 2-2 என முடிந்தது. நவம்பர் 24 அன்று ரிவரின் மைதானத்துக்கு வந்துகொண்டிருந்த போகா பேருந்தின் கண்ணாடிகளைக் கல்லெறிந்து உடைத்தார்கள், வீரர்கள் காயமடைந்தார்கள். ஆட்டம் தள்ளிப்போடப்பட்டு, கடைசியில் டிசம்பர் 9 அன்று ஸ்பெயினின் மாட்ரிட் நகரில் நடந்தது. கூடுதல் நேரத்தில் ரிவர் 3-1, மொத்தத்தில் 5-3.

காகிதத்தில் அது ரிவரின் சொந்த ஊர் ஆட்டம். அர்ஜென்டினாவில் இரு ஆட்டங்களுக்கும் சொந்த ஊர் ரசிகர்களுக்கு மட்டுமே அனுமதி என்று வைத்திருந்தார்கள். இரு தரப்பு ரசிகர்களும் ஒரே அரங்கில் உட்கார்ந்து இந்த இறுதியைப் பார்க்க, சுமார் 10,000 கிலோமீட்டர் தள்ளிப் போக வேண்டியதாயிற்று. பேருந்துச் சம்பவம் மாற்றத்துக்குக் காரணம் அல்ல. ஏற்கெனவே எடுத்த முடிவுக்குப் பின்னால் கிடைத்த சாட்சி என்று வேண்டுமானால் சொல்லலாம்.

ஆப்பிரிக்காவின் கதை வேறு திசையில் போயிற்று. 2019-இல் துனீசியாவில் நடந்த இரண்டாம் ஆட்டத்தில், மொராக்கோவின் விதாத் அணி அடித்த கோல் மறுக்கப்பட்டது. வீடியோ உதவி நடுவர் கருவி அன்று வேலை செய்யவில்லை என்று தெரிந்ததும் விதாத் மேற்கொண்டு ஆட மறுத்துவிட்டது. நீண்ட சட்டப் போராட்டத்துக்குப் பின் எதிரணியான துனீசியாவின் எஸ்பெரான்ஸின் பட்டமே உறுதியாயிற்று. அடுத்து மூன்று இறுதிகளை ஒரே ஆட்டமாக நடத்தினார்கள். 2022-இல் பொதுவான ஊர் என்று காசாபிளாங்காவைத் தேர்ந்திருக்க, அவ்வூர் அணியான விதாத்தே இறுதிக்கு வந்து, எதிரணியான எகிப்தின் அல் அஹ்லியின் ஆட்சேபத்துக்கிடையே 2-0 என வென்றது. 2023 முதல் மறுபடியும் இரண்டு ஆட்டங்கள்.

கேள்வி: ஒரே ஆட்டமா, இரண்டா? உங்கள் கட்சி எது?

பதில்: எனக்கு இரண்டுதான். பொதுவான ஊர் என்று தேர்ந்தெடுக்கும்போது பெரிய அரங்கும் பெரிய விமான நிலையமும் உள்ள நகரங்களே கண்ணில் படும். 1981 மே 6 அன்று இங்கிலாந்தின் சிறிய ஊரான இப்ஸ்விச்சில், போர்ட்மன் ரோடு மைதானத்தில், ஐரோப்பிய இறுதி ஒன்றின் முதல் ஆட்டம் நடந்தது. ஊர் அணி நெதர்லாந்தின் ஏஇசட் அணியை 3-0 என வென்றது. ஒரே ஆட்டம் என்ற முறையில் அந்த மைதானத்துக்கு அப்படி ஓர் இரவு வாய்த்திருக்காது. இந்த வாதத்தில் ஓட்டை இருப்பதையும் மறைக்கக் கூடாது: அல்க்மார் நகர அணியான ஏஇசட், இரண்டாம் ஆட்டத்தைத் தன் ஊரில் நடத்தாமல் ஆம்ஸ்டர்டாமின் ஒலிம்பிக் அரங்குக்குக் கொண்டுபோனது. அங்கே 4-2 என வென்றும் மொத்தத்தில் 5-4 என இப்ஸ்விச்சிடம் கோப்பையை விட்டது. போர்ட்மன் ரோட்டில் மூன்று கோல்களையும் நேரில் பார்த்தவர்களில் ஆம்ஸ்டர்டாம் போக முடியாதவர்கள், தங்கள் அணி கோப்பையைத் தூக்கிய தருணத்தில் வீட்டில்தான் இருந்தார்கள்.